புடவைப் பெட்டிக்குள் நூலகம்

ஜூலை 8, செவ்வாய்

வெள்ளிக்குள் பிள்ளைகள் வராவிட்டால் நூலக அறையில் இலவச சைக்கிள்களை நிறுத்தப்போவதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். நூலகப் பொறுப்பாசிரியை நான். பதினோராம் வகுப்பில் கேட்டேன்: "ஒரு தடவையாவது நூலகத்துக்கு வந்திருக்கீங்களா?"

கடைசி பெஞ்சில் சிரிப்பு. ரேவதி எழுந்தாள். "அந்த ரூமா மிஸ்? ஜன்னல்ல பாத்தா பட்டுப்புடவை பெட்டியா இருக்குது. நீங்க சைடுல புடவை விக்கிறீங்கன்னு நெனச்சுக்கினு இருந்தோம்."

தூசி படியக் கூடாதென்று நான்தான் புடவைக் கடைகளில் காலி அட்டைப்பெட்டிகள் வாங்கிப் புத்தகங்களை உள்ளே வைத்தேன். மூன்று வருடமாக அப்படியே.

மாலையில் தனியாகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ரேவதி வந்தாள். நின்றபடியே ஒரு புத்தகத்தில் நாலு பக்கம் படித்தாள். "முசரவாக்கம் பஸ் போயிடும் மிஸ்" என்று வைத்துவிட்டு ஓடினாள்.

வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அவளிடம்கூட நான் சொல்லவில்லை.