மஃரிப் இல்லாத ஆறு

அத்தா,

முதல் மழை விழுந்ததும் பரண் மேலிருக்கும் ஆரஞ்சுப் பையை இறக்கச் சொன்னார்கள் அம்மா. வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கி மாட்டும் ரப்பர் பை. திறந்தவுடன் ரப்பர் வாசனையும் அதற்கடியில் விறகுப் புகையின் வாசனையும் வந்தன. எத்தனை வெயிலில் காய வைத்தும் அந்தப் புகை போகவில்லை. நம் ரங்கூன் அடுப்புப் புகை இல்லை அது.

"கோ மின் குடுத்தான்" என்று சொல்லித்தான் இந்தப் பையைக் கொண்டுவந்தீர்கள். கப்பலில் நீங்கள் சமையல், கோ மின் எஞ்சின் அறையில் வேலை. எனக்கு அப்போது பதினான்கு வயது.

அந்த ஜூன் மாதம் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டும். அம்மா பள்ளிச் சீருடைக்குப் பச்சை லோஞ்சியும் வெள்ளைச் சட்டையும் தைத்து வைத்திருந்தார்கள். நீங்கள் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து, "கொஞ்சம் பொறும்மா, சம்பளம் இன்னும் வரல" என்றீர்கள். பொறுத்தேன். பெயர் சேர்க்கும் நாள் போனது. ஒரு மாதம் கழித்து அந்த லோஞ்சியை அம்மா மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தார்கள்.

ஆகஸ்டில் வந்தீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டாம்மா. மூணு மாசச் சம்பளம் போச்சு."

எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது, உங்களிடம்கூட. அன்று கதவைப் பிடித்துக்கொண்டு பேசினேன். "பரவாயில்ல அத்தா. நீங்க பத்திரமா வந்துட்டீங்கள்ல, அது போதும்." நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்கள் இரண்டு கால் பெருவிரல் நகங்களும் கறுத்துப் போயிருந்தன. கேட்டபோது, "கப்பல்ல பெட்டி விழுந்துடுச்சு" என்றீர்கள். தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து ஒரு வாரம் நான்தான் தடவினேன். இரண்டு காலிலும் ஒரே இடத்தில் எப்படிப் பெட்டி விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து நீங்களே சமைப்பீர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த ஆற்றைப் பற்றிச் சொல்வீர்கள். நார்வேயின் வடகோடியில் ஒரு துறைமுகம், அங்கே கப்பல் ரிப்பேருக்கு நின்றது, அந்தச் சமயம் பார்த்து கோ மின் பத்து நாள் ஒரு கூட்டத்தோடு ஆற்றுப் பயணம் போனார் என்று. பாதி வழி ரப்பர் படகில், மீதி நடை. மஞ்சள் சடை போட்ட ஒரு பெண் வழிகாட்டி. பின்னால் உட்கார்ந்து அவள் "இடது! வலது!" என்று கத்தினால் எல்லோரும் துடுப்புப் போட வேண்டும். பனி உருகி வரும் தண்ணீர். "கைய விட்டா எலும்பே கத்தும்." கண்ணுக்கெட்டிய வரை நெட்டையாக ஒரு மரம் இல்லை. நடந்தால் பாசி நனைந்த மெத்தை போல உள்ளே அமுங்கும். ஆறு அடித்துக்கொண்டு வந்த கட்டைகளைப் பொறுக்கித்தான் நெருப்பு மூட்டுவார்கள். ஒருநாள் மான் கூட்டம் ஒன்று ஆற்றைக் கடந்ததாம். அவை நடக்கும்போது காலில் சொடக்குப் போடுவதுபோல் சத்தம் வருமாம்.

"அங்க கொசு இருக்கா அத்தா?" என்று கேட்பாள் தங்கை ஜீனத். அவளுக்கு அப்போது ஆறு வயது.

"கொசுவா? நம்ம க்யிம்யிண்டைங் பேட்டைக் கொசுவெல்லாம் அதுங்களுக்குப் பேரப்புள்ளைங்க."

சிரிக்கும்போது முன்பல் ஓட்டை தெரியாமல் கையால் வாயை மூடிக்கொள்வீர்கள். வெங்காயக் கையோடு மூடி உங்களுக்கே கண் எரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை சூரியனைப் பற்றிச் சொன்னீர்கள். "விழவே மாட்டேங்குது. மலை ஓரமா எறங்கி வரும், விழப்போவுதுன்னு பாத்தா திரும்ப ஏறும். பொழுது விழுந்தாத்தானே மஃரிப். எப்பத் தொழுவுறதுன்னு தெரியாம கோ மின் வழிகாட்டிப் பொண்ணுகிட்டயே கேட்டுட்டான். உன் ஊரு நேரத்துக்குத் தொழுன்னுட்டா. கைக்கடிகாரத்துல ரங்கூன் நேரத்த வச்சுக்கிட்டு பத்து நாளும் தொழுதான்."

"கோ மின் புத்த மதத்துக்காரராச்சே அத்தா. அவருக்கு எதுக்கு மஃரிப்?"

உங்கள் கத்தி நின்றது. பிறகு சொன்னீர்கள்: "எனக்காகக் கேட்டு வச்சான்மா. என்னைக்காவது நான் போனா வேணும்ல?"

எவ்வளவு நல்ல கூட்டாளி என்று நினைத்தேன். அந்த மனிதருக்காக துஆகூடக் கேட்டேன். உங்களை ஏமாற்றிய கம்பெனிக்காரனுக்குத் தினமும் சாபம் விட்டேன். முகம் தெரியாத ஆள் என்பதால் தாராளமாக விட்டேன்.

போன வருடம் மழைக்காலத்தில், மார்பு வலிக்கிறது என்று படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை. உங்களைத் தூக்கும் முன் பெரியத்தா வாசலில் நின்று, "என் தம்பி யாரு மனசாவது நோக நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்றார்கள். உள்ளே பெண்கள் என்னைத் தொட்டு, "நீயும் சொல்லும்மா" என்றார்கள். மன்னிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேடித் தேடி, ஒரு பெருநாளைக்கு மருதாணி வாங்கி வருகிறேன் என்று போய் மறந்துவிட்டு வந்தீர்களே, அதை எடுத்து வைத்துக்கொண்டு, "மன்னிச்சிட்டேன் அத்தா" என்றேன்.

மூன்றாம் நாள் கோ மின் வந்தார். அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தேநீர் கொண்டுபோய் வைத்தேன். அம்மா உள்ளறையில் இருந்தார்கள். உங்களைப் பற்றி யாராவது பேச வேண்டும் போலிருந்தது. கூச்சத்தை விழுங்கிக்கொண்டு பர்மியில், "ஊலே, அந்த ஆத்துல போனீங்களே, அதைச் சொல்லுங்க" என்றேன். சித்தப்பாவைக் கூப்பிடுவது போல அவரை ஊலே என்றேன்.

"நானா?" என்று சிரித்துவிட்டார். "எனக்கு நீச்சலே தெரியாதும்மா. நாங்க எல்லாரும் ரிப்பேர் வேல பாத்தோம். டபுள் சம்பளம். உங்க அத்தாதான் லீவு போட்டுட்டு, கைல இருந்த சம்பளத்தையெல்லாம் அந்தப் பயணத்துக்குக் கட்டிட்டுப் போனாரு. இரவல் பூட்ஸு வேற. கால் நகம் ரெண்டும் கறுத்து வந்தாரு, கப்பலே சிரிச்சுது."

"கம்பெனி சம்பளம் தரலையா ஊலே?"

"தராம என்ன? ஒண்ணாந்தேதி ஆனா வந்துடும்." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, கவிழ்த்து வைத்து என் பக்கம் தள்ளினார். "என்கிட்ட பத்திரமா வச்சிருக்கச் சொன்னாரு. அம்மாகிட்ட சொல்லிடாத. இப்ப இருக்குறதே போதும் அவங்களுக்கு."

ரப்பர் படகில் எட்டுப் பேர். முன்னால் நீங்கள். இரண்டு கையும் துடுப்பில் இருந்ததால் வாயை மூட முடியவில்லை. ஓட்டைப் பல் தெரியச் சிரிக்கிறீர்கள்.

அத்தா, நீங்கள் அந்த ஆற்றுக்குப் போனதற்காக இல்லை என் வருத்தம். வாழ்நாள் முழுக்கக் கப்பல் அடுப்படியில் வெந்த நீங்கள் ஒரு ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் கட்டில் ஓரத்தில் நான் சொன்ன ஆறுதலை வாங்கிக்கொண்டீர்களே. நான் எண்ணெய் தடவத் தடவக் காலை நீட்டிக்கொண்டு இருந்தீர்களே. இன்னொன்றும் இருக்கிறது. அங்கே உங்கள் கையில் ரங்கூன் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அந்தப் பத்து நாளும், இங்கே பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம் எது, நான் வாசலில் நிற்கும் நேரம் எது என்று தெரிந்துகொண்டேதான் துடுப்புப் போட்டீர்கள்.

போட்டோவை என் தையல் டப்பாவில் ஊசிகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நான் வேலை பார்க்கும் தையல்காரம்மா வீட்டில் சட்டைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, உங்கள் பொய்யை நான் காப்பாற்றினேன். ஜீனத் கேட்கும்போதெல்லாம், "கோ மின் ஊலே போனப்போ" என்று என் வாயாலேயே கதை சொன்னேன்.

இன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. நனையாமல் இருக்கட்டும் என்று அம்மா அவள் புத்தகங்களை அந்த ஆரஞ்சுப் பையில் போட்டு அனுப்பினார்கள். மாலையில் வந்தவள், "எல்லாரும் பையையே பாக்குறாங்கக்கா. எங்க வாங்கினதுன்னு கேக்குறாங்க. கோ மின் ஊலே குடுத்ததுன்னு சொல்லவா?" என்றாள்.

"இல்ல" என்றேன். "அத்தாவோடதுன்னு சொல்லு. அந்த ஆத்துல போனது நம்ம அத்தாதான்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா வந்து நின்றார்கள். "என்னடி சொல்ற?"

டப்பாவைத் திறந்து போட்டோவைக் கொடுத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்கள். "பல்லு தெரியுது பாரு" என்று சொல்லும்போது அவர்களுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு கேட்டார்கள்: "எப்ப எடுத்தது?"

"நான் பள்ளிக்கூடத்த விட்ட ஜூன்ல."

அம்மா போட்டோவைக் கவிழ்த்து என் கையிலேயே கொடுத்தார்கள். என் தலையில் ஒரு நிமிடம் கை வைத்திருந்தார்கள். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் உள்ளே போனார்கள்.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். தொழுதேன். உங்கள் பெயரைச் சொல்லி துஆ கேட்டேன், அதை ஒருநாளும் விட்டதில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் முன்னால் நான் மன்னித்தது மருதாணிக்கு, அத்தா. இதற்கு இன்னும் சொல்லவில்லை.