தங்கத் தாளுக்குள் ஜூனிப்பர்

மார்ச் 9, திங்கள்

காலையில் நல்ல வெயில். மாலையில் இடி மட்டும், மழை இல்லை. காரைக் கழுவலாம் என்று போர்ச்சுக்குப் போனேன். கழுவவில்லை. ஜூனிப்பர் செடி பழுப்படிக்கிறது.

மகள் துர்காவின் பரிசத்தன்று சம்பந்தி வீட்டார் தங்காக் ஊரிலிருந்து கொண்டுவந்த செடி. ஊசி ஊசியாய் இலை. முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத ஜாதியாம். ஜோடியாக வாங்கி ஒன்று எங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு. தொட்டியைச் சுற்றித் தங்க நிறத் தாள், அதன்மேல் சம்பந்தியம்மா தன் கையால் கட்டிய மஞ்சள் கயிறு. "கல்யாணம் முடியற வரைக்கும் பிரிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், கல்யாணப் பத்திரிகை மாதிரி பார்க்க. ஆறு நாள்.

சந்தேகப் பட்டியல்:
1. வெயில்
2. பூச்சி
3. கண்திருஷ்டி (மனைவி சாந்தி சொன்னது)

யூடியூபில் ஒருவர் சொன்னபடி, அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினேன். தாளில் சிவப்புப் புள்ளிகள். சிலந்திப்பேன்! ஒரு வாளி சோப்புத் தண்ணீர் அடித்து முடித்த பிறகுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். வடை மடித்து வந்த தாள். மிளகாய்த்தூள். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன் வைத்தியம் பார்த்தால் இப்படித்தான்.

மார்ச் 10, செவ்வாய்

சாந்தி சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வருஷம் முன்பு துர்காவுக்கு முதலில் பேசிய இடம் நிச்சயத்துக்குப் பிறகு நின்றுபோனது. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. இன்று பேசினாள்.

"அப்பவும் வாசல்ல வாழை சாஞ்சிச்சி. நான் சொன்னேன், நீங்க சிரிச்சீங்க."

சிரித்தது உண்மை.

"இது செத்துடுச்சின்னா அந்தம்மா மனசுல என்ன விழும்?"

இன்று சிரிக்கவில்லை.

தினமும் எல்லை தாண்டிப் போகும் சிங்கப்பூர் வேலை முடிந்து துர்கா வந்தாள். "செடிதானே லா, அம்மா." சொன்னாளே தவிர, காலணியைக் கழற்றுவதற்கு முன் செடியைத்தான் பார்த்தாள்.

மார்ச் 11, புதன்

வேலை விட்டு நேராக நர்சரி. கிள்ளிக் கொண்டுபோன கிளையைக் கடைக்காரச் சீன அங்கிளிடம் நீட்டினேன். நகத்தால் தோலைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"பெலும் மாத்தி," என்றார் மலாயில். இன்னும் சாகவில்லையாம். எனக்கே உயிர் வந்தது. ஆனால் பழுத்த ஊசி திரும்பப் பச்சையாகாது, புதுத் துளிர் வந்தால்தான் உண்டு என்றும் சொன்னார்.

பக்கத்தில் அதே செடி வரிசையாக. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். மாற்றி வைத்துவிட்டால்? என் மூஞ்சியைப் பார்த்தே சாந்தி பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். கீழே வைத்தேன்.

தொட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு பாஸ், என்றேன், ஏதோ நானே போட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்து தொட்டியைத் தூக்கினால் கேஸ் தோங் கனம், நிரம்பிய சிலிண்டரேதான். சாக்கடை வாசம். ஓட்டை இருக்கிறது. தங்கத் தாள் அதை அடைத்திருக்கிறது.

விசாரித்தேன். காலையில் நான் ஒரு குவளை. பூஜை முடித்துச் சாந்தி ஒரு செம்பு. வேலை விட்டு வந்ததும் துர்கா, பாட்டிலில் மிச்சம் இருப்பதை. ஒருவர் ஊற்றுவது இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு மாதமாக மூன்று பேரும் பாசமாக மூழ்கடித்திருக்கிறோம்.

"தாளை எடுத்தாகணும், சாந்தி."

"கைய வைக்காதீங்க."

மார்ச் 12, வியாழன்

பேச்சில்லை. சாம்பார் மட்டும் வந்தது. இன்னொரு கிளையும் பழுப்பு.

மார்ச் 13, வெள்ளி

சாந்தி கோயிலுக்குக் கிளம்பியதும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் தினமும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கை. ஒரு மஞ்சள் கயிற்றுக்கடியில் கத்தரிக்கோலை நுழைக்கவே மூன்று தடவை ஆனது.

கேட் சத்தம். தேங்காயை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

நின்றாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"தாளைத்தானே எடுக்கணும்? கயித்த ஏன் வெட்டுறீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை நகத்தால் பிரித்தாள். தாளைக் கிழிக்காமல் உருவினாள். கறுப்புத் தண்ணீர் போர்ச் முழுக்க ஓடியது.

"அலமாக், என்னா நாத்தம்," என்றேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வேர் பாதி கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வருகிறது. அதையெல்லாம் வெட்டினேன். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் வெள்ளை வேர்.

"இது போதுமா?"

"தெரியல."

புது மண்தொட்டி, பருமணல், பொடிக்கல். உரம் வேண்டாம். நேர் வெயில் வேண்டாம். பழைய கயிற்றைப் புதுத் தொட்டியில் அவளே கட்டினாள். தாளைத் துடைத்து மடித்துப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். கோயிலுக்குப் போகவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

புழுக்கம். சம்பந்தியம்மா வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"தாள் எங்கங்க?"

என் வாயில் மூன்று பொய் தயார். சாந்தி முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க எடுத்தேன். உள்ள தண்ணி நின்னு வேர் அழுகிடுச்சி. கயிறு அப்படியே இருக்கு, பாருங்க."

சம்பந்தியம்மா குனிந்து கயிற்றைத் தொட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

பத்திரிகை பார்த்தோம். சிவப்பா, மஞ்சளா என்று ஒரு மணி நேரம். எனக்கு இரண்டும் பழுப்பாகத்தான் தெரிந்தது.

கிளம்பும்போது சம்பந்தி என்னைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"எங்க வீட்டுச் செடி இத விட மோசம், சம்பந்தி. பத்து நாளா சொல்றேன், இவ தாள்ல கை வைக்க விடல. உங்க வீட்ல எப்படிச் சம்மதிக்க வச்சீங்க?"

"நான் எங்க வச்சேன்? கத்தரிக்கோல எடுத்து மாட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்."

காரில் ஏறப் போன சம்பந்தியம்மா திரும்பினார். செடியைப் பார்க்காமல் சாந்தியிடம் கேட்டார்.

"அந்த மணல் எங்கங்க வாங்குனீங்க?"

சாந்தி இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இரவு மழை பெய்திருக்கிறது. காலையில் ஈரம். தங்காக்கிலிருந்து படம் வந்தது: ஒரு வாளி கறுப்புத் தண்ணீர், பக்கத்தில் சம்பந்தியின் கட்டைவிரல்.

இங்கே பழுத்தது பழுத்ததுதான். தினமும் சுரண்டிச் சுரண்டிப் பார்த்ததில் தண்டே வரிக்குதிரை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் சுவர் பக்கக் கிளை நுனியில் எள்ளளவு வெளிர்ப்பச்சை. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மிளகாய்த்தூள் இல்லை.

சாந்தியைக் கூப்பிட்டேன். செம்போடு ஓடி வந்தாள். செம்பைப் பிடுங்கி நானே குடித்தேன்.