ஆறவிட்டு அளந்த வளையம்

மயூர் விஹார், டெல்லி
ஜூன் 1997

அன்புள்ள அத்தானுக்கு,

அம்சவேணி எழுதுகிறேன். நானும் அகல்யாவும் சுகம். டெல்லி வெயில் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. உங்கள் தேஜ்பூரில் மழை தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஈரச் சாக்ஸைப் போட்டுக்கொண்டு அலையாதீர்கள். போன வருஷம் கால் விரல்களுக்கு நடுவில் வந்த புண்ணை நான் மறக்கவில்லை, நீங்கள் மறந்திருப்பீர்கள்.

அகல்யா ஐந்தாம் வகுப்பு பாஸ். கணக்கில் நல்ல மார்க். தமிழில்தான் இழுபறி. நான் வேலைக்குப் போகும் நேரம் கீழ் வீட்டு சுந்தரவல்லி மாமி அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டு சோறும் போட்டு எழுத்தும் சொல்லித் தருகிறார். இவள் மாமியையே "ஜல்தி சொல்லுங்க மாமி" என்று விரட்டுகிறாளாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லேத் கோர்ஸில் சேர்கிறேன் என்று நான் எழுதியபோது, கையில் மருதாணி போட்டுக்கொண்டு போ, மெஷின் பயந்துவிடும் என்று கேலி செய்தீர்கள் அல்லவா? இப்போது கேளுங்கள். உங்கள் பெண்டாட்டி ஓக்லாவில் குரானா ஜி கம்பெனியில் பர்மனென்ட் புரோகிராமர். திங்கட்கிழமை கையில் ஆர்டர் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன் வாங்கிய டிப்ளமா இத்தனை வருஷம் டிரங்குப் பெட்டியில் உங்கள் பழைய யூனிஃபார்முக்கு அடியில் கிடந்ததே, அதற்கு இப்போதுதான் விடிவு வந்தது.

இது கையால் சக்கரம் சுற்றும் லேத் இல்லை அத்தான். நாம் எழுதிக் கொடுப்பதைப் படித்துத் தானே கடையும். உங்களுக்குப் புரியும்படி சொன்னால், உங்கள் பரேட் மாதிரிதான். 'சாவ்தான்', 'தேஜ் சல்', 'தம்' என்று நீங்கள் கத்துவதற்குப் பதிலாக, நான் வரி வரியாக எண் எழுதுகிறேன். ஒரு வரி வேகமாகப் போகச் சொல்லும், ஒரு வரி வெட்டிக்கொண்டே போகச் சொல்லும், ஒரு வரி நிற்கச் சொல்லும். வித்தியாசம் என்னவென்றால், உங்கள் ஜவான் தப்பான கட்டளையைக் கேட்டால் முழிப்பான், இது முழிக்காது. சுவரில் முட்டு என்று எழுதினால் முட்டிவிடும். அதனால் புதுப் புரோகிராமை முதலில் உலோகம் மாட்டாமல் வெறும் காற்றில் ஓட்டிப் பார்ப்போம். முதல் நாள் அப்படி ஓட்டியபோது, பிரசவத்துக்குப் போனபோதுகூட நான் அவ்வளவு சாமி கும்பிடவில்லை. கற்றுக்கொடுத்த ஸ்ரீதர் கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை, என்னை விடச் சின்னவன். ஆன்ட்டி, கண்ணைத் திறந்துகொண்டு சாமி கும்பிடுங்கள் என்றான். கோர்ஸ் முழுக்க ஆன்ட்டிதான். போகட்டும், கற்றுக்கொடுத்தவன் எப்படிக் கூப்பிட்டால் என்ன.

கோர்ஸ் முடிந்ததும் குரானா ஜி என்னைச் சோதனைக்குத்தான் எடுத்தார். ஃபரிதாபாத்தில் ஒரு கம்பெனிக்கு அலுமினிய வளையங்கள் கடைய வேண்டும். அகல்யா கையில் வளையலாகப் போடலாம், அந்த அளவு. வரைபடத்தைப் பார்த்து நான் ஒருத்தியே புரோகிராம் எழுத வேண்டும், சரக்கு அங்கே தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் நமஸ்தே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எழுதினேன். ஒவ்வொரு வளையத்தையும் நானே அளந்து அனுப்பினேன்.

அத்தனையும் திரும்பி வந்தது. வெளி விட்டம் குறைவாம். ஒரு தலைமுடியில் பாதிகூட இராது, ஆனாலும் குறைவு குறைவுதான். குரானா ஜி எல்லோர் முன்னாலும் கத்தினார். வீட்டில் சப்பாத்தி உருட்டுகிறவர்கள் வட்டம் என்றால் ஏதோ வட்டம் என்று நினைக்கிறார்கள் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் சரியாகத்தான் அளந்தேன், அவர்கள் கருவிதான் கோணல் என்று பதிலுக்குக் கத்தினேன். எங்கள் ஊரில் தோசைதான், சப்பாத்தி இல்லை என்றும் சொன்னேன்.

மறுபடி கடைய உட்கார்ந்தேன். ஒன்றை எடுத்து அளந்தேன், சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஜூன் மாதத்தில் டெல்லியில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். வந்ததும் அதே வளையத்தைச் சும்மா இன்னொரு முறை அளந்தேன். குறைந்திருந்தது! என் கண்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்து, முகம் கழுவிவிட்டு வந்து திரும்பவும் அளந்தேன். குறைவுதான்.

நடந்தது இதுதான். கடைந்து முடித்ததும் வளையம் சூடாக வெளியே வருகிறது, அதோடு தகரக் கூரை வெயில் வேறு. சூட்டில் அலுமினியம் உப்பும். நான் அவசரக்காரி, எடுத்த கையோடு அளப்பேன். அளவு கூடக் காட்டும். உடனே இன்னும் கொஞ்சம் சீவு என்று புரோகிராமில் உள்ள எண்ணை மாற்றிவிடுவேன். ஃபரிதாபாத்தில் ஏசி அறையில் வைத்து அளப்பதற்குள் அது ஆறிச் சுருங்கிவிடும். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். சமையலறையில் தினமும் சொல்கிற பழமொழி, ஓக்லாவில் ஞாபகம் வரவில்லை.

எங்கள் இடத்தில் ஏசி இருப்பது குரானா ஜி அறையில் மட்டும். கருவியையும் வளையங்களையும் கொண்டுபோய் அவர் மேஜைமேல் அடுக்கிவிட்டேன். லஸ்ஸி தம்ளர் வைக்கக்கூட அவருக்கு இடம் இல்லை. முணுமுணுத்தார், நான் நகரவில்லை. நன்றாக ஆறிய பிறகு அளந்துதான் எண்ணை மாற்றினேன். இந்தத் தடவை போன சரக்கில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்தக் கம்பெனிக்காரர் புரோகிராமர் யார் என்று போனில் கேட்டாராம். குரானா ஜி, நம்ம மேடம் ஜி என்றாராம். சப்பாத்தி மேடம் ஜி ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

கழித்த வளையம் ஒன்றை அகல்யா மாட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள். "இது எங்கம்மா பண்ணினது" என்று மாடி மாடியாகப் போய்க் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அத்தான். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் அதற்கு அடுத்த நாள்தான் வந்தது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு, கோவில்பட்டியில் பெரிய அத்தான் வீட்டோடு போய் இருக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாளே என்ற உங்கள் கவலை எனக்குத் தெரியாதா? உங்கள் அண்ணி, வடிவு அக்கா, என்னைத் தங்கமாகத்தான் வைத்துக்கொள்வார். அங்கே எனக்குக் குறை ஒன்றும் இராது, இந்த மெஷின்தான் இராது. நான் டிக்கெட் எடுக்கவில்லை. பெட்டி கட்டக் கயிறும் வாங்கவில்லை.

உங்கள் பேச்சை மீறி இங்கே இருக்க எனக்கு மனசு வராது. போகவும் மனசு வரவில்லை. அதனால் கேட்கிறேன், இருக்கட்டும் என்று நீங்களே பெரிய அத்தானுக்கு எழுதிவிடுங்கள். நான் எழுதினால் அடங்காப்பிடாரி என்பார்கள். நீங்கள் எழுதினால், தம்பி பெண்டாட்டி டெல்லியில் இன்ஜினியர் என்று ஊர் முழுக்க அவரே சொல்லிக்கொண்டு திரிவார்.

உடனே பதில் போட வேண்டாம். படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். நாலு நாள் கழித்து எழுதுங்கள்.

லீவில் வரும்போது உங்களை ஓக்லாவுக்குக் கூட்டிப் போவேன். நான் எழுதிய புரோகிராமுக்குப் பச்சைப் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். வளையம் வெளியே வந்ததும் ஆசையில் கையில் எடுத்துவிடாதீர்கள், சுடும். ஆறட்டும். நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

கழுகுமலையான் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
அம்சவேணி