கறுத்தத் துரைக்கு ஒப்பாரி

புத்தூர்
12.8.1986

அன்பு அக்கா,

நேற்று நீங்கள் அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் கத்தியபோது நான் சொல்லாமல் விட்டது ஒரு வசனம்தான்: செத்தது காகம்.

"சும்மா படிப்பிக்கினம் எண்டு விட்டால், என்ரை வீட்டுக்குச் செத்தவீட்டையே அனுப்புறியோ?" என்று கேட்டீர்கள். குணத்தின் உடுப்புப் பையைத் தூக்கினீர்கள். அவளை மினிபஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கொக்குவிலுக்குப் போய்விட்டீர்கள். நான் கையில் வெண்கட்டியோடு மண்மேடையில் நின்றேன். வாய் திறந்திருந்தால் உங்களைவிட மோசமாகக் கத்தியிருப்பேன். அதனால்தான் திறக்கவில்லை.

இப்போது ஆறுதலாகச் சொல்கிறேன். எங்கள் கலாமன்றம் ஆவணி விடுமுறையில் நடத்துகிற இந்த இலவசப் பயிற்சியில் பிள்ளைகள் தாங்களே நாடகம் கட்டுகிறார்கள். காகம் ஒன்று கரண்ட் கம்பியில் இருந்து செத்துப்போகிறது. மற்றக் காகங்கள் கூடிச் செத்தவீடு நடத்துகின்றன. தாய்க்காகம் குணம். "கறுத்தத் துரையே, கம்பியிலே போனாயோ" என்ற அடியை அவளேதான் கட்டினாள். உங்கள் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை ஒப்பாரி படிக்க, ஒரு வெறும் காகத்துக்காக நான் திரும்பி நின்று மூக்குச் சிந்தினேன்.

முப்பதாம் திகதி பின்னேரம் ஊருக்குக் காட்டுகிறோம். அவள் இல்லாமல் நாடகம் இல்லை. அனுப்பிவிடுங்கள்.

தங்கை,
அருந்ததி


கொக்குவில்
15.8.86

அருந்ததிக்கு,

காகமெண்டு எழுதுறாய். ஞாயிற்றுக்கிழமை மதிலுக்கு அங்காலை நிண்டவைக்குக் காகம் தெரிஞ்சதோ?

நான் கிணத்தடியிலை உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிக்கிறன். சனி ஞாயிறெண்டு உன்னட்டை இருந்து வீட்டை வந்தவள், உவள், மாமரத்துக்குக் கீழை இருந்து, நெஞ்சிலை அடிச்சு, "கறுத்தத் துரையே, கம்பியிலே போனாயோ" எண்டு ஊர் கேக்கப் படிக்கிறாள். உன்ரை அத்தான் என்ன நிறம்? கொழும்பிலை அந்தாளுக்கு என்ன வேலை? கரண்ட் வேலை. கம்பிப் போஸ்டிலை ஏறுற மனுசன். மூண்டு கிழமையாய்க் காயிதமும் இல்லை.

முதல் ஓடி வந்தது பக்கத்து வளவு நல்லம்மாக்கா, கேத்தல் நிறையக் கோப்பியோடை. செத்தவீட்டிலை அடுப்பு எரியாதெல்லோ, அதுக்கு. "எப்ப மேனை சேதி வந்தது?" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சுக் குழறுறா. பின்னாலை செபமாலையர், வாற சனம் இருக்கவெண்டு ரெண்டு வாங்கைத் தோளிலை வைச்சுக்கொண்டு படலைக்குள்ளை வாறார். "எங்கை பிள்ளை போடுறது? பின்னேர வெய்யில் எந்தப் பக்கத்தாலை வரும்?" எண்டு கேக்கிறார். ஆர் செத்தது எண்டு எனக்கே தெரியாது! ஈரச் சீலையோடை நானும் குழறத் துவங்கியிட்டன். உவள்தான் நிப்பாட்டிப்போட்டு, "ஏனம்மா அழுறியள்? நான் படிக்கிறன் எல்லோ" எண்டாள்.

பிறகென்ன, கோப்பியைக் குடிச்சினம். "அப்ப வாங்கு தேவையில்லையோ?" எண்டு செபமாலையர் ரெண்டுதரம் கேட்டுப்போட்டுத் தூக்கிக்கொண்டு போறார். பாத்தால் மனுசனுக்கு ஏமாத்தம் மாதிரி.

வாசிச்சு வாசிச்சு உனக்கு எல்லாமே நாடகம். நான் அனுப்பமாட்டன்.

மகாதேவி


புத்தூர்
18.8.1986

அன்பு அக்கா,

செபமாலையரை வாசித்ததும் சிரித்துவிட்டேன், கோபிக்க வேண்டாம். ஆனால் அத்தானின் கடிதம் வரவில்லை என்பதை வந்த இடத்தில் ஏன் சொல்லவில்லை? ஊர் முழுக்கக் கேட்கக் கத்தத் தெரிந்த உங்களுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே என் பாட்டைக் கேளுங்கள். குணத்தின் இடத்துக்கு இராசமலர் என்ற பிள்ளையைப் போட்டேன். பல்லைக் காட்டிக்கொண்டு அழுகிறாள். காகங்கள் எல்லாம் சிரிக்கின்றன. செத்த காகமும் சிரிக்கிறது. ஒரு தாய் வந்து, "காசில்லைத்தானே தங்கச்சி, இருட்டுமட்டும் வைச்சிருங்கோ, நான் தோட்டத்திலை வெங்காயம் கிண்டிப்போட்டு வாறன்" என்கிறார். ஒரு தகப்பன் சைக்கிளை விட்டு இறங்காமலே, "சும்மா படிப்பிக்கிறியள், எந்த இயக்கம் பிள்ளை பின்னாலை நிக்குது?" என்கிறார். காக்கா இயக்கம் என்று வாய் வரை வந்தது.

அடியை மாற்றச் சொன்னால் மாற்றுகிறோம். கறுப்பும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பயிற்சியும் இங்கேயே நடக்கும். உங்கள் வளவில் ஒரு சொல் கேட்காது. இதற்கு மேல் எப்படிக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அருந்ததி


கொக்குவில்
22.8.86

அருந்ததிக்கு,

அத்தானின்ரை காயிதம் வந்திட்டுது. காலிலை ஆணி குத்தினதாம், வேறையொண்டுமில்லை. அதை எழுத அந்தாளுக்கு இவ்வளவு நாள்.

உவள் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைச்சுப்போட்டு முகட்டைப் பாக்கிறாள். என்னோடை கதை பேச்சு இல்லை. எனக்கு அலுத்துப்போச்சு. திங்கட்கிழமை கொண்டுவந்து விடுறன். அடியை மாத்தாதை. மாத்தினால், எங்கடை வீட்டுக்காக மாத்தினது எண்டு சனம் அதுக்கும் கதைக்கும்.

முப்பதாம் திகதி நானும் வந்து முன்னுக்கு இருப்பன். அப்பிடி என்னத்தைத்தான் சும்மா குடுக்கிறியள் எண்டு பாப்பம்.

மகாதேவி


புத்தூர்
31.8.1986

அக்கா,

முன்னுக்கு இருப்பேன் என்றீர்கள். இருந்தீர்கள். குணம் வாய் திறந்து ஒரு அடி முடியுமுன் எழுந்து போனீர்கள்.

அவள் கண்டாள். கண்டும் நிறுத்தவில்லை, கடைசி அடி வரை படித்தாள். மரநிழலில் இருந்த பெண்கள் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். அந்தச் சைக்கிள் தகப்பன்கூட இறங்கி வந்து பார்த்தார். நீங்கள் மட்டும் றோட்டுக்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். பிடிக்கவில்லை என்றால் அதைப் பிள்ளைக்கு முன்னாலேயே காட்டவேண்டுமா? பஸ்ஸில் போகும்போதாவது அவளுக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா?

அருந்ததி


கொக்குவில்
5.9.86

அன்புத் தங்கச்சி,

பிடிக்கேல்லை எண்டு உனக்கு ஆர் சொன்னது?

உவள் நல்லாய்ப் படிச்சவள். அதுதான் என்னாலை இருக்கேலாமல் போச்சு. காகமெண்டு எனக்குத் தெரியும். கடதாசிச் செட்டையையும் கண்டனான். "துரையே" எண்டு அவள் இழுத்தவுடனை அந்தாளின்ரை முகம்தான் எனக்கு முன்னாலை. இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் சபையிலை குழறியிருப்பன். பிறகு உன்ரை நாடகத்தை ஆர் பாக்கிறது?

அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. உதை என்னெண்டு சொல்லுறது?

பள்ளிக்கூடம் துவங்கீட்டுது. ரியூசனிலையும் சேர்த்திட்டன். ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருப்பாள். உங்கடை மன்றம் இனி ஞாயிறுகளிலை நடத்துமெண்டு கேள்விப்பட்டன். வந்து கூட்டிக்கொண்டு போ.

அக்கா


14.9.1986

அக்கா,

குணத்தை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறேன். நீங்கள் கோயிலால் இன்னும் வரவில்லை. இருட்டுமுன் நான் புத்தூர் போகவேண்டும். இதை அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.

இன்று காலை அவளைத் தாய்க்காகம் படிக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

"நான் படிச்சால் அம்மா எழும்பிப் போயிடுவா."

நீங்கள் எனக்கு எழுதியதை எடுத்து வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அதை அம்மா எனக்கெல்லோ சொல்லவேணும்" என்றாள்.

பிறகு போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் வரை பொம்மை செய்யக் களிமண் குழைத்துக் கொடுத்தாள்.

அருந்ததி