சுண்ணாம்பு தடவாத கலயம்

1911 மே 2, செவ்வாய்.
விடியும்போதே தேரி மணற்காட்டுக் காற்று. கஞ்சியிலும் மணல். ஞாயிறு பிரசங்கம் இன்னும் எழுதவில்லை. மகள் எஸ்தர் பிள்ளையோடு வந்து நிற்கிறாள், உதடு வீங்கி. இந்தச் சபைக்கு உபதேசியார் நான்; என் மகளை இப்படி ஊரே பார்த்தது. மருமகன் ஞானமுத்து நேற்றும் ஓடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து அடித்திருக்கிறான். அங்கே காய்ச்சும் சாராயத்தில் ஊமத்தை விதை கலக்கிறார்கள். போன மாதம் வடக்குத் தெருவில் ஒருவன் அதில் செத்தான். சபைக் கல்லறையில் இடமில்லை என்று நான்தான் சொன்னேன்.

மே 4.
ஞானமுத்துவைத் தனியே கேட்டேன். தலை நிமிரவில்லை. நல்ல பையன், அதுதான் எரிச்சல். இந்த ஊர்ப் பனையேறிகள் எல்லாரும், அவனும்தான், சத்தியம் செய்தவர்கள்: சுண்ணாம்பு தடவாமல் மரத்தில் கலயம் கட்டுவதில்லை. சுண்ணாம்பு இருந்தால் பதனீர், இல்லாவிட்டால் கள். சத்தியம் வாங்கியவன் நான். கள் நின்றது. குடிக்கிறவன் ஓடைக்குப் போகிறான்.
"ஒரு கலயம் கள்ளு இருந்தா வீட்லயே கெடப்பேன் மாமா. ஓடைப் பக்கம் தலவச்சும் படுக்க மாட்டேன்."
எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் கர்த்தரோடு வழக்கு.

மே 5.
ஞானமுத்துவிடம் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கிணற்றோர மரத்தில் ஒரே ஒரு கலயம், சுண்ணாம்பு இல்லாமல். லைசென்ஸ் இல்லாத கள், சர்க்காருக்கும் குற்றம், சபைக்கும் குற்றம். தூக்கம் இல்லை.

மே 13.
வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், கருப்பட்டி, பள்ளிக்கூடத்துக்குச் சாக்குக்கட்டி. ஞானமுத்து குடிக்கிறான், படுக்கிறான். அடி இல்லை. ஓடை இல்லை. இன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக் கோழி காட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷம். வெட்கமும்.

மே 18.
வெக்கை. சபை மூப்பர் வந்தார்.
"உம்ம மருமவன் கலயத்துல சுண்ணாம்பு இல்ல வே. இன்னைக்கே உம்ம கையால தடவிரும். குருவானவர் காதுக்குப் போவாது."
போனால் என் வேலை போகும், எஸ்தர் வீட்டைச் சபை தள்ளிவைக்கும். பயந்துவிட்டேன். கலயத்தை இறக்கச் சொல்லித் தடவினேன். ஞானமுத்து பார்த்துக்கொண்டே நின்றான். நகக்கண்ணில் இன்னும் வெள்ளை.

மே 20.
ஞானமுத்துவை ஓடையிலிருந்து தூக்கிவந்தார்கள். உச்சி வெயில். "வெளக்கு ஏத்தலியா எஸ்தரு" என்கிறான்.
ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பார்த்தார். பார்வை திரும்புமா, தெரியாதாம். இன்னொரு தடவை அந்தச் சாராயம் குடித்தால் பிழைக்க மாட்டானாம். வாசலில் அவன் கூட்டாளிகள். "ஓடைக்குக் கையப் புடிச்சு நாங்க கூட்டிட்டுப் போவோம்லே, பயப்படாத." இது ஆறுதலாம். விரட்டினேன்.

மே 21, ஞாயிறு.
குருவானவர் வந்து குடியைப் பற்றிப் பிரசங்கம். நான் வாங்கிய சத்தியத்தைப் புகழ்ந்தார். எல்லாரும் ஆமென். நானும் சொன்னேன், சீ.
மாலையில் குடி இல்லாமல் ஞானமுத்துவுக்குக் கைகால் நடுக்கம். ஓடைக்குப் போகச் சுவரைத் தடவித் தடவி வாசல்வரை வந்துவிட்டான். எஸ்தர் கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். எத்தனை நாளைக்கு.
புதுக் கலயம் கழுவி வைத்தாயிற்று. சுண்ணாம்பு தடவவில்லை. சிறுவயதில் அப்பாவோடு பனை ஏறியிருக்கிறேன். முழங்கால் தாங்குமோ என்னவோ. விடிந்ததும் கிணற்றோர மரத்தில் நானே ஏறிக் கட்டுவேன். மூப்பர் பார்த்தால் பார்க்கட்டும்.