பின் இருக்கை

அன்புள்ள யூடித் அக்காவுக்கு, உன் தங்கை வெரேனா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மறுபடி கூரை ஏறும் அளவுக்குத் தேறிவிட்டது, பூனை இப்போதெல்லாம் என் கால்மாட்டில்தான் படுக்கிறது. அங்கே சிலியில் குளிர் தொடங்கியிருக்குமே, திராட்சைக் கொடிகளைக் கவாத்து பண்ணும்போது கையுறை போட்டுக்கொள்கிறாயா, போன வருஷம் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். சூடாக ஏதாவது குடித்துவிட்டுத் தோட்டத்தில் இறங்கு. இதெல்லாம் அம்மா இருந்தபோது அம்மா எழுதியது, அம்மாவுக்குப் பிறகு அப்பா எழுதுவது, இந்தத் தடவை நான் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. போர்வைக்குள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து ஏறி இறங்கினால் கோபித்துக்கொள்ளாதே, மேசை விளக்கை ஏன் போடவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அப்பாவின் கடிதமும் இந்த வாரம் உனக்குப் புறப்படும், அதில் உன்னிடம் ஒன்று கேட்டிருப்பார். மறுகரையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரோஸ்விதாவைத் தான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. நீ வேண்டாம் என்று எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

முதலிலிருந்து சொல்கிறேன். போன ஞாயிறு நம் பள்ளத்தாக்கில் வண்டியில்லாத ஞாயிறு, ஆற்றங்கரைச் சாலை முழுக்கச் சைக்கிளுக்கு மட்டும். சனிக்கிழமை மாலை ஊரே காரை மேட்டு வயலில் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து இறங்கியது, பக்கத்து வீட்டு எல்ஃப்ரீடே அத்தை மட்டும் இந்த வருஷமும் மறந்துவிட்டாள், காலையில் சாலையை அடைத்த பிறகு முற்றத்தில் நின்ற காரைத் தட்டிக் கொடுத்து "எல்லாரும் ஊர் சுத்தப் போறாங்க, என் காருக்கு மட்டும் இன்னிக்கு நோன்பு" என்றாள். அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இது. சனிக்கிழமை அப்பா, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக மிதிக்கும் அந்த இரட்டைச் சைக்கிளை வெளியே எடுத்து எண்ணெய் போட்டார். பின் இருக்கைக் கம்பியில் அம்மாவின் உயரத்துக்கு ஒரு கீறல், அதற்கு மேலே உன் உயரத்துக்கு ஒன்று இருக்கிறது அல்லவா, அப்பா இருக்கையை அம்மாவின் கீறலுக்கும் கீழே இறக்கி, ஆணியால் புதிதாக ஒரு கீறல் போட்டார். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். கால் எட்டட்டும், கால் எட்டட்டும் என்று சொல்லியே ஒவ்வொரு வருஷமும் என்னைத் தனிச் சைக்கிளில் பின்னால் வரவைத்தவர், இந்த வருஷம் தானாகவே கீறல் போட்டார். எனக்கு இரவு தூக்கமே வரவில்லை. நீ அப்பாவின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேர் காலும் ஒன்றாகச் சுற்ற, திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போவாய், எனக்கு அப்போது உன்மேல் எவ்வளவு ஆத்திரம் வரும் தெரியுமா, இப்போது சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஞாயிறு காலை நான் பின்னால் உட்கார்ந்தேன். கால் சரியாக எட்டியது. வீட்டு வாசலிலிருந்து படகுத்துறை வரை போனோம், எல்ஃப்ரீடே அத்தைகூடக் கை தட்டினாள். அவ்வளவுதான் அக்கா, வாசலிலிருந்து படகுத்துறை, அதுதான் என் பங்கு. நாம் கோணல் கரை என்று கேலி செய்யும் மறுகரையில் படகு முட்டியதும் அங்கே ரோஸ்விதா ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவர் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை, நீ திட்டினாலும் பரவாயில்லை. போன இலையுதிர் காலத்தில் அப்பா அவள் கடைக் கூரையைச் சரிசெய்யப் போனார், அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் அந்தக் கரைப் பாட்டுக் குழுவில் பயிற்சி என்று போக ஆரம்பித்தார், வீட்டில் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. அவள் இரட்டைச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "நான் இதுல ஒரு தடவகூட ஏறினதே இல்ல கெர்னோட்" என்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்பா என்னைப் பார்த்து "வெரேனா, கொஞ்ச தூரம் அவங்க வரட்டுமே, என்ன?" என்றார். படகிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் பின்னால் காத்திருந்தார்கள், நான் சரி என்றேன். இருக்கையை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவள் அப்படியே ஏறி உட்கார்ந்தாள், சரியாக இருந்தது, அவளும் என் உயரம்தான். அவள் சைக்கிளில் நான் ஏறினேன், முன் கூடையில் மருந்துக்கடையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் அன்று முழுக்கப் போனேன்.

கொஞ்ச தூரம் என்றார்கள், கரையோரக் குன்றுகளில் கோட்டைகள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டே இருந்தன, இதோ அடுத்த கோட்டையில் மாறுவோம் என்று நானும் மிதித்தேன், யாரும் மாறவில்லை. சாலை அவ்வளவு அமைதியாக இருந்தது அக்கா, லாரிச் சத்தம் இல்லாததால் ஆறு பேசுவதுகூடக் கேட்டது, அதனால் அவர்கள் பேசியதும் கேட்டது. "மேடு வரும்போது மட்டும் நீங்க மிதிக்கறதில்ல, பின்னாடி உக்காந்தா தெரியாதுன்னு நெனச்சீங்களா?" என்று அப்பா கேட்கிறார், அவள் "நான் பாரம் இல்ல, அலங்காரம்" என்கிறாள், அப்பா சிரித்ததில் சைக்கிள் ஆடியது. வளைவில் அப்பா பாடினார். நம் வீட்டில் பாடாத அப்பா, நடுச்சாலையில், தெரியாதவர்கள் திரும்பிப் பார்க்கப் பாடினார். அவர்களுடைய சங்கிலி கழன்று விழவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன், என் சங்கிலிதான் கழன்றது. கை முழுக்கக் கறுப்பு மையோடு அதை மாட்டிவிட்டுத் துரத்திப் பிடித்தேன். மதியம் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் முற்றத்தில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் சாப்பிட்டோம். அடையின் மொறுமொறுப்பான ஓரத்தை அப்பா எப்போதும் கிள்ளி எனக்குத்தான் வைப்பார். அன்று அவள் தட்டில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நினைவு வந்தவர்போல, இன்னொரு துண்டு எனக்கும் வைத்தார். அது நடுத்துண்டு. நான் சாப்பிடவில்லை.

மாலையில் கடைக்கு மேலே இருக்கும் அவள் வீட்டுக்குப் போனோம். நம் கரையில் வெயில் போய்விட்ட பிறகும் அங்கே சமையலறை முழுக்க வெயில், அதுகூட எனக்குப் பொறுக்கவில்லை. அவள் என்னை ஜன்னலுக்குக் கூப்பிட்டு "இங்க வந்து உங்க வீட்டப் பாரு, எங்க பக்கத்துலேர்ந்து பாத்தாத்தான் அழகு" என்றாள். பார்த்தேன். பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு, அதை நான் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. மேலே நம் கோட்டை, கீழே அப்பா வேய்ந்த கறுப்புக் கல் கூரை, என் ஜன்னலில் நீ தைத்த நீலத் துணி. அவள் சொன்னாள், "உன் ரூம் லைட்டு ராத்திரி ரொம்ப நேரம் எரியுதே, கணக்கு வரலியா கண்ணு? அது அணைஞ்சப்புறம்தான் எனக்கும் தூக்கம் வரும்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் உடை மாற்றுவதை, அழுவதை, அம்மாவின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எல்லாம் யாரோ பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது. "எங்க வீட்ட யாரும் பாக்க வேணாம்!" என்று கத்திவிட்டேன். அப்பா "வெரேனா!" என்றார். நான் படியிறங்கி ஓடி, சைக்கிள் எதுவும் இல்லாமல், கூட்டத்தோடு கூட்டமாகப் படகேறி வந்துவிட்டேன். இப்போது தெரிகிறதா ஏன் டார்ச் லைட் என்று.

அப்பா அடுத்த படகில் வந்தார். திட்டவில்லை. சமையலறையில் எதிரே உட்கார்ந்து "நீ சரின்னுதானே சொன்ன?" என்றார். அந்தக் கீறல் யாருக்குப் போட்டது என்று கேட்டேன். "உனக்குத்தாண்டி, வேற யாருக்கு?" என்றார், அதை அவர் சொன்ன விதத்தில் அவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்று தெரிந்தது. பிறகுதான் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். யூடித்துக்கு எழுதப்போகிறேன், நீயும் யோசி, ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் திராட்சை அறுப்பு முடிஞ்சதும் அவங்ககிட்ட கேட்பேன் என்றார். அக்கா என்ன சொல்கிறாளோ அதுதான் என் பதிலும் என்று சொல்லிவிட்டேன். தைரியம் இல்லாமல்தான் அப்படிச் சொன்னேன். கல்யாணம் ஆனால் கடையை விட்டு அவள் வரமுடியாது, நாம்தான் போகவேண்டும். கோணல் கரைப் பிள்ளைகள் நம்மைத்தான் கோணல் கரைக்காரர்கள் என்பார்கள். பனிமூட்டத்தில் படகு நின்றால் பள்ளிக்கூடம் எப்படிப் போவது, பாலமும் இல்லை. நம் வீடு இருட்டாக நிற்கும், தினமும் அதை அந்த ஜன்னலிலிருந்து நான் பார்க்க வேண்டியிருக்கும். நீ விடுமுறைக்கு வந்தால் எந்த வீட்டுக்கு வருவாய்? இதையெல்லாம் அப்பாவிடம் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

அன்றிலிருந்து அப்பா சமையலறைத் திரையை இழுத்து மூடிவிடுகிறார். அந்தத் திரையை மூடி நான் பார்த்ததே இல்லை, ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் பச்சையாக இருக்கிறது. நான் சொன்னதைத்தான் செய்கிறார், சந்தோஷப்பட வேண்டும், ஆனால் அவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சூப் குடிப்பதைப் பார்க்க முடியவில்லை. இன்று புதன்கிழமை, பாட்டுப் பயிற்சிக்குப் போய்க் கடைசிப் படகில் வந்து படுத்துவிட்டார்.

இதுவரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கீழே போனேன் அக்கா. அங்கே எனக்கு ஒன்று விளங்கியது. கடைசிப் படகில் கரை மாறியவர்கள் வீடு சேர்ந்ததும் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போட்டு எதிர்க்கரைக்குத் தெரியப்படுத்துவார்களே, அம்மாவும் தன் சித்திக்கு அப்படிச் செய்வாளே. குளிர்காலம் முழுக்கப் புதன்கிழமை இரவில் அப்பா சமையலறை விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவார், கேட்டால் "சுவிட்ச் சரியில்ல" என்பார், நானும் நம்பினேன். இன்று அவர் அதைச் செய்யவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். மறுகரையில் எல்லா வீட்டு விளக்கும் அணைந்து, மருந்துக்கடைக்கு மேலே ஒரு ஜன்னல் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அப்பா வந்து சேர்ந்தாரா என்று தெரியாமல் ரோஸ்விதா உட்கார்ந்திருக்கிறார். காத்திருக்கட்டுமே என்று முதலில் நினைத்தேன், மெய்யாகவே நினைத்தேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படிவரை போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து விளக்கைப் போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து, போட்டேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கேயும் விளக்கு இரண்டு தடவை அணைந்து எரிந்தது, அப்புறம் மொத்தமாக அணைந்தது. அப்பா என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அதனால் முதல் பக்கத்தில் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அதைக் கிழித்துவிட்டு வேறு எழுத எனக்குப் பொறுமை இல்லை. அப்பா கேட்பதற்கு நீ சரி என்றே எழுது. ஆனால் அதே கடிதத்தில், அப்பா படிக்கும்படி பெரிதாக, வரும் வருஷம் வண்டியில்லாத ஞாயிறு பின் இருக்கை வெரேனாவுக்கு, கொஞ்ச தூரம் அல்ல, முதல் கோட்டையிலிருந்து கடைசிக் கோட்டைவரை என்றும் எழுது. மருந்துக்கடைக் கூடை வைத்த சைக்கிளில் அவர் பின்னால் வரட்டும், நல்ல சைக்கிள்தான், சங்கிலியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீ சொன்னால் அப்பா கேட்பார், நான் சொன்னால் சிரிப்பார், இதிலும் எனக்கு உன்மேல் பொறாமைதான்.

கையுறையை மறக்காதே. வெறும் வயிற்றில் வைன் ருசி பார்க்காதே. சின்னவள் பெரியவளுக்கு ஆசி சொல்வது முறையில்லை என்றாலும், வீட்டில் சொல்ல வேறு ஆள் இல்லாததால் நானே சொல்கிறேன், நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், நம் கரைக்கு ஒரு தடவை வந்து போகவேண்டும்.

பாக்கியைக் கீழே சமையலறை மேசையில், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதி முடித்த,
உன் தங்கை
வெரேனா