வட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

காஞ்சிபுரம்
6.5.2025

அருளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, துளசி, குழந்தை துர்கா எல்லோரும் இருக்கிறோம். அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. எனக்கு அந்த ஆவல் இல்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பதற்கு நான்கு தாள் அத்தாட்சி என் கையில் இருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்த வசதி இல்லை. கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, உட்கார்ந்து, கடைசி வரி வரைக்கும் படி.

துர்காவின் நான்காவது பிறந்தநாளுக்கு என்று நீ அனுப்பிய பெட்டி போன மாதம் 24ஆம் தேதி வந்தது, பிறந்தநாள் முடிந்து ஒன்பது நாள் கழித்து. குழந்தைக்கு ஒரு பொம்மை, உன் அம்மாவின் முழங்காலுக்குத் தைலம், துளசிக்கு முகத்தில் ஒட்டிக்கொள்கிற ஏதோ தாள், எல்லோருக்குமாகக் கடல்பாசி வறுவல். முப்பத்தோரு வருஷமாகக் காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பார்சல் கட்டுகிறவன் நான். நான் கட்டின சேலையைக் கனடாவில் பிரித்தாலும் மடிப்புக் கலைந்திருக்காது. என் பிள்ளை கட்டின பெட்டியில் தைலம் கவிழ்ந்து வறுவல் முழுக்க மருந்து வாசனை. சந்து பொந்தெல்லாம் காகிதத்தைக் கசக்கித் திணித்திருந்தாய். கடைப் பழக்கம் எனக்கு வீட்டிலும் போகாது, நல்ல காகிதத்தைத் தூக்கிப்போட மனசு வராது, அதை எல்லாம் பிரித்துக் கையால் நீவி அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் வழவழவென்று கலர் படம் போட்ட தாள், இங்கிலீஷ் எழுத்து. விலாசம் எழுதுகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் வரும், உல்சான் என்று கொரியாவில் நீ இருக்கிற ஊரின் பெயரைப் படித்துவிட்டேன். ஆற்றங்கரையில் மூங்கில் தோப்பு, அதற்குள் ஜனங்கள் நடந்து போகிற படம். பையன் இருக்கிற ஊர் இப்படியா இருக்கிறது என்று சந்தோஷத்தில் துளசியைக் கூப்பிட்டு, "இங்க வாம்மா, உன் வூட்டுக்காரன் இருக்கிற ஊரப் பாரு, என்ன போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு" என்று நானே அவள் கையில் கொடுத்தேன். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது இல்லை, அதைவிடப் பெரியது ஒன்று முன்பே உண்டு, பிறகு சொல்கிறேன்.

அது உன் ஊரில் குடியிருக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்காக மாதாமாதம் வருகிற பத்திரிகையாம். ஓய்வு நேரத்தில் எங்கே போகலாம், என்ன செய்யலாம், உதவி வேண்டுமானால் யாரைக் கேட்கலாம் என்று எல்லாம் போட்டிருந்தது. துளசி கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். உன் அம்மா எதிரே மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மலையேறும் குழு, மதியச் சாப்பாடு கையில் கொண்டு வரவும். அதைச் சுற்றி நீல மையில் வட்டம், பக்கத்தில் உன் கையெழுத்தில் தமிழில் "ஷூ வாங்கணும்" என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பேட்மின்டன், அதற்கும் வட்டம். மாதக் கடைசியில் இலவச சினிமா, வட்டம். திமிங்கிலக் காட்சிசாலைக்கு ஒரு நாள் சுற்றுலா, அதற்கு இரண்டு வட்டம். ஊர் எல்லையில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சின்னச் சின்னத் துண்டு நிலம் கொடுத்துக் காய்கறி போட விடுகிறார்களாம், அதற்கும் வட்டம் போட்டு "பேர் குடுத்தாச்சு" என்று எழுதியிருக்கிறாய். முசரவாக்கத்தில் நம் நிலம் இருக்கிறது. படிக்கிற காலத்தில் ஒரு நாள் மடை திருப்பி விட்டுவிட்டு வாடா என்றால் காலில் சேறு ஒட்டும் என்று வரப்பிலேயே நின்ற மகராசன் நீ. கொரியாக்காரன் பாய் விரிக்கிற அளவுக்கு மண்ணைக் காட்டினால் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிறாய்.

அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலாவது தாளில்தான் வட்டமே இல்லை. அதில் இருந்ததைத் துளசி குரல் மாறாமல் படித்தாள். வேலைக்கு வந்தவர்களின் மனைவிமாருக்கு வாரம் மூன்று நாள் இலவச மொழி வகுப்பு, வகுப்பு நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வியாழக்கிழமை பல தேசத்துப் பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து சமைக்கிற கூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஷை தெரியாவிட்டால் கூட வந்து பேசுவதற்கு ஆட்கள், அதற்கு ஒரு போன் நம்பர். பிறகு, பொம்மைகளை நூலகப் புத்தகம் மாதிரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்கிற இடம், மூன்று வயதிலிருந்து ஏழு வயதுவரை. படித்து முடித்துத் தாள்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஓரம் சரிசெய்து என்னிடம் கொடுத்தாள். "மாமா, இது நமக்கு அனுப்புனது இல்ல மாமா, தெரியாம வந்துட்டுது" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. செருப்பால் அடித்திருந்தால் எனக்கு இத்தனை வலித்திருக்காது.

மூன்று வருஷமாக நீ என்ன சொல்லிக்கொண்டிருந்தாய் என்று உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். "இங்க பொம்பளைங்களுக்கு ஒண்ணுமே கெடையாதுப்பா, பேச ஆள் இல்ல, நாலு செவுத்த பாத்துக்கினு பைத்தியம் புடிச்சிடும்" என்றாய். "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட என்னான்னு சொல்லுவா" என்றாய். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசலாம் என்றால், ஆறு நாள் வேலை, அன்றைக்கு ஒரு நாள்தான் தூக்கம் என்றாய். கார் பாகங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை கண்ணையும் முதுகையும் வாங்குகிறது என்று நாங்களும் நம்பினோம். போன வருஷம் துர்காவுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் துளசி வேப்பிலையும் கையுமாக அந்தப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பதினோரு நாளில் ஒரு ஞாயிறு வந்தது, நீ போனை எடுக்கவில்லை. எந்த மலை உச்சியில் இருந்தாய் என்று இப்போது எனக்குப் புரிகிறது. உன் பெண்ணுக்கு ஒரு விளையாட்டு இருக்கிறது, தெரியுமா உனக்கு? டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு தரையில் படுத்து, "டயர்டா இருக்குதும்மா, அப்பறம் பேசறேன்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வாள். என்ன விளையாட்டு கண்ணு என்று எதிர்வீட்டு எல்லம்மாள் கேட்டதற்கு, அப்பா விளையாட்டு என்றாள். அப்பா என்றால் அதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அம்மா உன் கட்சிதான், அதையும் எழுதிவிடுகிறேன். "புள்ள ஒண்டிக்கட்டையா கெடந்து கஷ்டப்படுது, வாரத்துல ஒரு நாள் மலை ஏறுனா என்ன கெட்டுப்போச்சு" என்று இரண்டு நாள் என்னிடம் சண்டை. மலை ஏறுவதை நான் தப்பென்று சொல்லவில்லை. சினிமா பார், பந்து ஆடு, கீரை போடு. ஒண்டிக்கட்டையாக இருக்கவேண்டிய அவசியம் என்ன வந்தது என்றுதான் கேட்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாஸ்போர்ட், விசா விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற கௌஸ் பாஷாவிடம் போய் உன் விசாவின் நகலைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, "இதுல சம்சாரம், கொழந்தைய தாராளமா கூப்ட்டுக்கலாமே கலியன், மொத நாள்லேர்ந்தே கூப்ட்டுக்கினு இருக்கலாமே, கம்பெனி லெட்டர் வாங்கி அனுப்பச் சொல்லுப்பா" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஏதோ தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மூன்று வருஷமாக "சட்டம் இன்னும் விட மாட்டேங்குதுப்பா, ரெண்டு மாசத்துல விசா வந்துடும்" என்று நீ சொன்னதை நான் தெருவெல்லாம் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

வேறு ஒருத்தி இருந்தால் சொல்லித் தொலை. அது அயோக்கியத்தனம், ஆனால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது என்றும் எங்களுக்குத் தெரியும். எனக்கு என்னவோ அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், நீ போட்ட வட்டத்தில் எல்லாம் நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். பெண்டாட்டி பிள்ளை என்ற தொந்தரவு இல்லாமல் சுகமாக இருந்து பழகிவிட்டது, அவ்வளவுதான். உன்னைக் கெட்டவன் என்றுகூடத் திட்ட முடியவில்லை, சோம்பேறி என்றுதான் திட்டமுடிகிறது. ஒரு கடிதம் கேட்டு வாங்கி ஒரு விண்ணப்பம் எழுதிப்போட மூன்று வருஷம் சோம்பல் பட்டிருக்கிறாய். சோம்பலை மறைக்க ஒரு ஊரையே நாலு சுவராக்கிச் சொல்லியிருக்கிறாய்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் துளசிக்கு லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். வீட்டு வாசலிலிருந்து அவர்கள் வேன். அவள் போகிறேன் என்றுதான் சொன்னாள். கூரத்திலிருந்து அவள் அப்பாவும் வந்து, போகட்டும் சம்பந்தி, படித்த படிப்பு வீணாக வேண்டாம் என்றார். நான்தான் உட்காரவைத்துப் பேசினேன். "ரெண்டு மாசத்துல விசா வந்துடும்னு அருள் சொல்றான்மா, சேந்துட்டு விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, நான் இருக்கிறேன் இல்ல" என்றேன். என் வார்த்தைக்காக அவள் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். நீ சொன்ன பொய் உன்னுடையது. அதை என் வாயால் சொல்லி, என் வயதையும் மரியாதையையும் அதற்கு அடமானம் வைத்தது நான். அந்தத் தாளைப் படித்த அன்றைக்கு அவள் துணி எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அறுபத்திரண்டு வயதில் என் வீட்டில் நானே தலையைக் குனிந்துகொண்டு சோறு சாப்பிடுகிறேன் அருள். வெட்கமாக இருக்கிறது. உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி அந்த வெட்கம்தான்.

துளசி இந்த ஒரு வாரத்தில் சும்மா இல்லை. அவளோடு படித்த ஏஞ்சல் என்கிற பெண் ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அங்கே இடம் இருக்கிறது என்று கூப்பிட்டாள், போனிலேயே கேள்வி கேட்டு எடுத்துக்கொண்டார்கள். ஜூன் 2ஆம் தேதி சேரவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே குடியிருக்க இடம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் துர்காவுக்கு எல்.கே.ஜி. எங்கள் இரண்டு பேரையும் எதிரே வைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள். "உங்ககிட்ட கேக்கலைன்னு நெனச்சுக்காதீங்க மாமா, சொல்றேன்" என்றாள். நான், போம்மா என்றேன். இந்த முறை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே மே 31ஆம் தேதி வரை உனக்கு நேரம் இருக்கிறது. கல்யாணச் சான்றிதழ், துர்காவின் பிறப்புச் சான்றிதழ் இரண்டும் வெளிநாட்டில் செல்லுவதற்கு வேண்டிய சர்க்கார் முத்திரைக்கு கௌஸ் பாஷா மூலமாக எழுதிப்போட்டுவிட்டேன், என் பக்கத்து வேலை முடிந்தது. கம்பெனி கடிதத்தை நீ வாங்கி அனுப்பு. எனக்கு அனுப்பாதே, அவள் பெயருக்கு அனுப்பு. கூடவே உன் கையால் ஒரு கடிதம், நடந்தது இன்னது, பொய் சொன்னது இன்னதற்காக என்று எழுது. வா என்று உத்தரவு போடாதே, வருகிறாயா என்று கேள். அதற்குப் பிறகும் அவள் வரமாட்டேன் என்றால் அது அவள் இஷ்டம், அப்பா கொஞ்சம் சொல்லுங்கள் என்று என்னிடம் வராதே. உனக்காக ஒரு முறை அவளிடம் பேசியாயிற்று, இனிமேல் பேசமாட்டேன். ஒன்றும் வராவிட்டால் 1ஆம் தேதி காலை பஸ்ஸில் அவளையும் குழந்தையையும் நான்தான் ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன், கடையில் லீவு சொல்லிவிட்டேன்.

மற்றபடி ஊர் விஷயம் எழுத ஒன்றும் இல்லை. கருடசேவை வருகிறது, கடையில் நிற்க இடம் இருக்காது. உன் அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, தைலத்தில் பாதி கொட்டிப்போனது போக மீதியைத் தடவுகிறாள். நேற்று அந்த முழங்காலோடு ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் மேலிருந்து சின்னக் குக்கரையும் இரண்டு பாத்திரத்தையும் இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்துத் துளசியின் பெட்டி பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். உனக்காகப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். இப்போது பேசுவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. 31ஆம் தேதியை மறக்காதே. கடிதத்தை முடிக்கும்போது ஆசீர்வாதம் எழுதவேண்டும். இந்த வீட்டில் இருந்த ஆசீர்வாதத்தை எல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டேன். உனக்கும் வேண்டுமென்றால் அவர்கள் இருக்கிற இடத்தில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
துளசியின் மாமனார்,
துர்காவின் தாத்தா,
கலியன்